ரசீதில் இரண்டு வரி எழுதுங்கள், டீச்சர்

கேள்வி:

ஐயாவுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அப்பா வாங்கிய பழைய கடைவீடு ஒன்று என் பெயரிலும் தம்பி பெயரிலும் இருக்கிறது. கீழே ஒரு தையற்கடை. தையற்கார அண்ணன் 1989-இல் வந்தவர், இப்போது வயது 68. வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது அக்கம்பக்கத்தில் எல்லாரும் வாடகையை ஏற்றினார்கள். அப்பா மட்டும் 450 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தார். "அவரைத் தொந்தரவு பண்ணாதேம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். இந்த 26 வருஷமாக ஒரு காசு ஏற்றவில்லை. பக்கத்துக் கடைவீட்டில் ஒரு கஃபே 3,200 வெள்ளி கொடுக்கிறது. எங்கள் இடத்தையும் கேட்டார்கள். நம் தெருவே கஃபேயாகிவிடக் கூடாது என்று மறுத்துவிட்டேன்.

இந்த வருஷம் கூரை ஒழுகுகிறது. உத்தரத்தில் கரையான். பழுதுபார்க்கக் கட்டுமானக் குத்தகையாளர் 38,000 வெள்ளி கேட்கிறார். மதிப்பீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதி எல்லாம் போக எங்கள் கையில் நிற்பது வருஷத்துக்கு 3,600 வெள்ளிதான். கூரையைப் பார்க்க மாடிக்கு ஏறியபோது இன்னொன்று தெரிந்தது. அண்ணன் மாடியை, கைப்பேசிச் சாமான் விற்கும் ஒருவருக்கு மாதம் 900 வெள்ளிக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவருடைய வேலைப் பையன்கள் இரண்டு பேர், வங்காளதேசத்துப் பிள்ளைகள், பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். கடையில் ஒன்பது வருஷமாக ரவிக்கை தைக்கும் ஒரு பெண்தான் எனக்குக் கதவைத் திறந்துவிட்டாள். அண்ணன் தலை நிமிரவே இல்லை.

எல்லாரையும் காலி செய்து விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. அந்தப் பையன்களை அப்படித் தங்க வைப்பது அநியாயம், இன்றைக்கே வெளியேற்ற வேண்டும் என்கிறாள் மகள். நல்லது என்று நினைத்துத்தானே செய்தோம்? எங்கே தவறிப்போனோம்? இப்போது என்ன செய்ய?

— பட்டர்வொர்த் வாசகி

பதில்:

டீச்சர், வணக்கம். நான் கணக்காளன். அதனால் நல்லதா கெட்டதா என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு கழித்தல் போடுவோம். அண்ணன் உங்களுக்குக் கொடுப்பது 450. மாடியிலிருந்து அவருக்கு வருவது 900. அவர் கடை வைத்திருக்கும் இடத்துக்கு வாடகையே இல்லை, போதாக்குறைக்கு மாதம் 450 வெள்ளி கையிலும் நிற்கிறது. உங்களுக்கோ வருஷம் முழுக்கச் சேர்த்தால் 3,600. கூரைக் காசைச் சேர்க்க உங்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அந்தக் கரையான் பத்து வருஷம் காத்திருக்காது.

இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் அண்ணனை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 3,200 பெறும் இடத்தை 450-க்கு விட்டால் நடுவில் 2,750 வெள்ளி நிற்கிறது. அது யார் பெயரிலும் எழுதப்படாத பணம். அப்படி நிற்கும் பணத்தை யாராவது ஒருவர் எடுக்கத்தான் செய்வார். வியாபாரம் படுத்த ஒரு வருஷத்தில், மாடி சும்மாதானே கிடக்கிறது என்று அண்ணனுக்குத் தோன்றியிருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். அவர் தலை நிமிரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது மனசாட்சி உள்ளவர் செய்கிற வேலை.

உங்கள் கடைவீட்டில் நடந்தது ஜார்ஜ்டவுன் முழுக்க ஒருமுறை நடந்து முடிந்த கதை. போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம். ஏழைகள் தெருவுக்கு வரக்கூடாது என்று வாடகைக்குக் கட்டுப்பாடு வந்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அதையே தொடர்ந்தது, 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு. நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தச் சட்டம் இல்லாமலிருந்தால் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் வண்ணார்களும் பூக்கட்டுகிறவர்களும் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலைச் சுற்றி அத்தனை காலம் குடியிருந்திருக்க முடியாது. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் வாடகை அசையாமல் நிற்க, செங்கல் விலையும் ஆசாரி கூலியும் ஏறிக்கொண்டே போயின. ஓட்டை மாற்ற வீட்டுக்காரருக்குக் காசும் இல்லை, மாற்றவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. வாடகையோ பழையதுதானே, இடிந்தால் இடியட்டும் என்று விட்டவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், வீட்டை எடுத்த தலை வாடகைக்காரர் அதை அறை அறையாகத் தடுத்து, தான் கொடுப்பதைப் போலப் பல மடங்குக்கு உள்வாடகை விட்டார். இடம் கைமாறும்போது 'தேத்தண்ணிக் காசு' என்று ஒரு தொகையும் கைமாறும். அது ரசீதில் வராது. சட்டம் யாரைக் காப்பாற்ற வந்ததோ அந்த ஏழை, தடுப்பறையில் ஏறக்குறைய வெளிச் சந்தை விலையே கொடுத்துக்கொண்டிருந்தார். மலிவு வாடகை நடுவில் இருந்தவர் மடியில் தங்கிவிட்டது.

அப்புறம் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். 1997-இல் நீக்கச் சட்டம், 1999 டிசம்பர் 31 வரை அவகாசம், 2000 ஜனவரி 1-இல் திறந்துவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தும், வாடகைக்காரர்களில் பலர் கடைசி மாதம் வரை நம்பவில்லை. வாடகை ஒரேயடியாக எகிறியது. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் ஆயர் ஈத்தாமுக்கும் கடலுக்கு அந்தப் பக்கமும் போனார்கள். வாடகை ஏறினால் வீடுகள் சீராகும் என்பது கணக்கு. நடந்ததோ வேறு. பல கடைவீடுகள் காலியாகவே கிடந்தன. சிலவற்றின் மாடியில் ஒலிநாடாவைப் போட்டு, உணவுக்கு விற்கும் கூட்டுக்காகக் குருவியை வரவழைத்தார்கள். மனிதன் இருந்த இடத்தில் பறவை குடியிருந்தது, அதுவும் நல்ல வரும்படியோடு! பின்னால் அவற்றை மரபுடைமை வட்டாரத்திலிருந்து அகற்ற அரசு தனியாக மெனக்கெட வேண்டியிருந்தது. 2008 ஜூலை 7-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறினோம். கட்டடங்களைக் காப்பாற்ற அது உண்மையிலேயே உதவியது. அதே பெயர்ப்பலகைதான் உங்கள் பக்கத்துக் கடைக்கு 3,200 வெள்ளி வாடகையையும் கொண்டுவந்தது.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், நாடு கைவிட்ட கட்டுப்பாட்டை உங்கள் அப்பா தன் வீட்டுக்குள் மட்டும் தொடர்ந்திருக்கிறார். அந்த 450 வெள்ளிக்குள் வாடகையும் இருக்கிறது, உதவியும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடப்பதால் எது எவ்வளவு, அந்த உதவி யாருக்குப் போகிறது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. அவர் செய்த தவறு இரக்கப்பட்டது இல்லை. அந்த இரக்கத்தை விலைக்குள் ஒளித்துவைத்ததுதான்.

யாருக்குப் போயிருக்கிறது என்று பார்ப்போமா? ஒரு பங்கு அண்ணனுக்கு. அதை நீங்களும் விரும்பினீர்கள். ஒரு பங்கு கைப்பேசிக்காரருக்கு. மாடி மட்டும் அந்தத் தெருவில் 900-க்குக் கிடைக்காது, உங்கள் அப்பாவின் புண்ணியத்தில் அவருக்குக் கிடைத்திருக்கிறது. தைக்கக் கொடுக்கும் பெண்களுக்கு ஏதாவது வந்ததா? வந்திருக்காது. அண்ணன் ஊர் விலைக்குத்தான் தைப்பார், அதில் தவறும் இல்லை. ஒன்பது வருஷமாக ரவிக்கை தைக்கும் அந்தப் பெண்ணுக்கு? உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்குக் கடை வாடகை 450 என்பதே தெரியாமல் இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொருவரும் உண்டு. எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். இரண்டு தெரு தள்ளித் தையற்கடை வைத்திருந்த ஓர் அம்மா, முழு வாடகை கொடுத்தவர். அவர் கடையை மூடிய மாதம் கணக்கை நான்தான் முடித்துக் கொடுத்தேன். உங்கள் அண்ணனால்தான் மூடினார் என்று நான் சொல்லமாட்டேன். ஆயத்த உடைக் கடைகள், இணையத்தில் வாங்கும் பழக்கம், எத்தனையோ காரணம். ஆனால் வாடகையே இல்லாத கடையோடு வாடகை கொடுக்கும் கடை போட்டி போடுவது கஷ்டம். நல்ல மனசு உள்ள ஒரு வீட்டுக்காரர் இன்னொரு தையற்காரரின் தராசில் எடைக்கல் வைக்கிறோம் என்று ஒருநாளும் நினைத்திருக்கமாட்டார்.

நானும் இதில் அடிபட்டவன்தான். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தினமும் காலையில் இலவசப் பொட்டலம் கொடுத்தோம். பத்தாம் நாளோ என்னவோ, கீழே புட்டும் இடியப்பமும் விற்ற ஓர் அக்காள் என்னிடம் வந்தார். சண்டை போடவில்லை. "தம்பி, நாளைக்கும் வருவீங்களா? தெரிஞ்சா நான் மாவு பிசையாம இருந்துக்குவேன்" என்று மட்டும் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறுநாளிலிருந்து நாங்கள் சமைக்கவில்லை. அவரிடமும் இன்னும் இரண்டு பேரிடமும் காசு கொடுத்து வாங்கி, அதையே கொடுத்தோம். சாப்பிட்டவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, சாப்பாடு முன்பைவிட நன்றாகவே இருந்தது.

விலைக்குள் உதவியை ஒளிப்பது நம் நாட்டுக்கே பழக்கமான வியாதி. ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2.50 வெள்ளி, ஏழை வீட்டுக்காக வந்தது. அதை அள்ளிக்கொண்டு போனவர்களில் சாப்பாட்டுக் கடைக்காரர்களும் உண்டு. வீட்டுக்கு வாங்கப் போனவர்கள் கடையில் காலி அலமாரியைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் கோழிக்குக் கிலோ 8.90 என்று உச்சவரம்பு வைத்தபோது தீவனம் விலையேறிக் கிடந்தது. வளர்ப்பவர்கள் குறைத்துக்கொண்டார்கள், அந்த ஜூனில் ஏற்றுமதியையே நிறுத்தும் நிலை வந்தது. பெட்ரோலுக்கு இப்போது நடப்பதைப் பாருங்கள். 2025 செப்டம்பர் கடைசியில் மைகார்டு என்ற அடையாள அட்டையைக் காட்டுகிற குடிமகனுக்கு 1.99, மற்றவருக்கு முழு விலை என்று மாற்றினார்கள். வரிசையில் நின்று அலுத்துக்கொண்டாலும் அதன் யோசனை சரிதான். விலை விலையாக இருக்கட்டும், உதவி பெயர் சொல்லிப் போகட்டும்.

என் அப்பா செபராங் பிறையில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீடு, இலவசம் என்று பெருமையாகச் சொல்வார். அந்த இலவசத்துக்குள் குறைந்த கூலி ஒளிந்திருந்தது. தோட்டம் கைமாறிய நாளில் வேலையும் வீடும் ஒன்றாகப் போயின, கையில் சேமிப்பும் இல்லை. உங்கள் அண்ணனும் இன்று கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். 450 வெள்ளி இடத்தை விட்டால் அவரால் எங்கும் போக முடியாது. உங்கள் உதவி அவரைத் தாங்கியிருக்கிறது, கட்டியும் போட்டிருக்கிறது.

சரி, மாடிப் பையன்கள். உங்கள் மகள் சொல்வதில் பாதியை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். பழைய மரத் தளம், ஒரே படிக்கட்டு, சுற்றிலும் அட்டைப்பெட்டி, அதில் மின்கலங்களும் இருக்கலாம். கீழே துணி. இரவில் ஒரு தீப்பொறி போதும். அங்கே யாரும் இனிப் படுக்கக் கூடாது. இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

"இன்றைக்கே வெளியேற்று" என்பதில்தான் நான் நின்று யோசிக்கிறேன். அந்தப் பையன்களின் ஊரிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1992-இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்க்கின், சிறுவர் உழைப்பில் செய்த பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாக ஆகவே இல்லை. ஆனால் அந்தப் பயத்திலேயே வங்காளதேச ஆயத்த உடை ஆலைகள் பல்லாயிரம் பிள்ளைகளை அனுப்பிவிட்டன. எல்லாரும் பள்ளிக்கூடம் போவார்கள் என்று நினைத்தார்கள். பலர் கல் உடைக்கப் போனார்கள், தெருவில் விற்கப் போனார்கள், அதைவிட மோசமான இடத்துக்கும் போனார்கள். யுனிசெஃபே பின்னால் இதைப் பதிவு செய்தது. 1995-இல் ஆலை முதலாளிகள் சங்கமும் யுனிசெஃபும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில்தான், வேலையிலிருந்து எடுக்கிற பிள்ளைக்குப் பள்ளியும் மாத உதவித்தொகையும் என்று வந்தது. மசோதாவைத் தூக்கிப்பிடித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெளியே வந்த பிள்ளை அன்று ராத்திரி எங்கே சாப்பிடும் என்ற கேள்வியைத்தான் கடைசியில் கேட்டார்கள்.

நீங்கள் அதை முதலில் கேளுங்கள். தொழிலாளர் தங்குமிடத்துக்கு 446-ஆம் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1990-இல் நம் தோட்டத்து லயங்களுக்காகவும் சுரங்கங்களுக்காகவும் வந்தது, 2020 ஜூன் முதல் எல்லாத் துறைகளுக்கும் பொருந்துகிறது. தங்க இடம் கொடுக்கிற முதலாளி தொழிலாளர் துறையிடம் அந்த இடத்துக்குச் சான்றிதழ் வாங்கவேண்டும். உங்கள் மாடிக்கு அது கிடைக்காது. கைப்பேசிக்காரரைக் கூப்பிட்டு, நயமாகவே, இதைச் சொல்லுங்கள். பையன்களை எங்கே தங்க வைக்கப்போகிறார் என்பதற்கு முகவரி கேளுங்கள். முகவரி கையில் வந்தபிறகு அவர்கள் இறங்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் விடாதீர்கள். அதுவரை பெட்டிகளைப் படிக்கட்டு ஓரத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள், ஒரு தீயணைப்பானும் நீங்களே வாங்கி வையுங்கள். கோபத்தில் பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை வெட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை அப்படி வெளியேற்றச் சட்டம் இடம் தராது. தம்பியிடமும் இதைச் சொல்லிவையுங்கள். 'எல்லாரையும் காலி செய்து' என்பது சொல்ல எளிது.

இனி வாடகை. 3,200 என்ற எண்ணை முதலில் தூக்கி ஓரமாக வையுங்கள். அது கஃபேக்காரர் முழுக் கடைவீட்டுக்கு, சீரான கூரைக்குக் கொடுக்கும் விலை. பதிவுபெற்ற சொத்து மதிப்பீட்டாளர் ஒருவரை அழைத்து, கீழ்த்தளம் மட்டும், இன்றைய நிலையில் என்ன பெறும், மாடி என்ன பெறும் என்று எழுத்தில் வாங்குங்கள். கொஞ்சம் செலவாகும், ஆனால் தம்பியோடு பேச ஓர் எண் கையில் இருக்கும். பேச்சுக்காக கீழ்த்தளத்துக்கு 1,800 என்று வைத்துக்கொள்வோம்.

மாடியை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்காரர் வேண்டுமானால் சரக்கு வைக்க மட்டும் உங்களிடம் நேராக ஒப்பந்தம் போடட்டும். அப்போதுதான் அந்தக் காசு கூரைக்குப் போகும். அண்ணனோடும் ஒப்பந்தம் எழுதுங்கள். இத்தனை வருஷமாக வாய்ப்பேச்சுதான் என்று நினைக்கிறேன். மூன்று வருஷம் என்று போட்டால் நில அலுவலகத்தில் பதியத் தேவையில்லை. முத்திரை வரி கட்ட மறக்காதீர்கள், ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025-லிருந்து கிடையாது.

அந்த ஒப்பந்தத்திலும் மாத ரசீதிலும் இரண்டு வரி இருக்கவேண்டும் என்பதுதான் நான் உங்களைக் கேட்டுக்கொள்வது. முதல் வரி: வாடகை 1,800. இரண்டாவது வரி: கழிவு, இன்னார் பெயருக்கு மட்டும், இத்தனை வெள்ளி. கீழே கொடுக்கவேண்டிய தொகை. கழிவை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். முதல் வருஷம் 1,100 கழித்து 700 வாங்குங்கள். அடுத்த வருஷம் வாங்குவது 950, அதற்கடுத்து 1,200. மூன்றும் இன்றே எழுதப்பட்டிருக்கவேண்டும், 2000-ஆம் ஆண்டு ஜனவரி மாதிரி ஒருநாள் விடியக் கூடாது. கழிவு அவருக்கு மட்டும், மகனுக்கோ உள்வாடகைக்காரருக்கோ போகாது என்று ஒரு வரி சேருங்கள். 900 நின்று 450 என்பது 700 ஆகும்போது அவருக்கு வலிக்கும், நிச்சயமாக. அந்த வலியைக் குறைக்க வேண்டுமானால் இரண்டாவது வரியைக் கூட்டுங்கள், முதல் வரியில் கை வைக்காதீர்கள்.

இது வெறும் கணக்கு விளையாட்டு என்று தோன்றலாம். முதல் மாத ரசீதை அண்ணன் கையில் வாங்கும்போது பாருங்கள். தான் 450 கொடுத்துத் தன் பாட்டில் இருக்கும் வாடகைக்காரர் என்றுதான் 26 வருஷமாக நினைத்திருப்பார். உங்கள் குடும்பம் மாதாமாதம் என்ன கொடுத்தது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தம்பிக்கும் அதுவே. அவன் பங்கிலிருந்தும்தான் இந்த உதவி போகிறது, அவனைக் கேட்காமலேயே. இரண்டாவது வரியில் பாதி அவனுடையது. அவன் வேண்டாம் என்றால் உங்கள் பாதியை மட்டும் கழியுங்கள், அவனுக்குரியதை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள். கூடப் பிறந்தவர்களுக்குள் இந்த மாதிரிக் கசப்பு நீதிமன்றம் வரை போவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கஃபேக்கு விடமாட்டேன் என்பதும் இதே சங்கதிதான். அது உங்கள் உரிமை, எனக்கும் அந்தத் தெருவில் இன்னொரு கஃபே வேண்டாம். ஆனால் அதற்கு மாதம் ஒரு விலை இருக்கிறது. அதைத் தெரிந்து கொடுங்கள், தம்பி தலையில் கட்டாதீர்கள்.

கூரை வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். மரபுடைமை வட்டாரம் என்பதால் மாநகர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. அதற்கு முன் ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை நிறுவனத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள், எந்த ஓடு, எந்தச் சுண்ணாம்பு என்று சொல்வார்கள். குத்தகையாளர் சுவருக்குச் சிமெண்டு பூசித் தருகிறேன், உறுதியாக இருக்கும் என்பார். நல்லெண்ணத்தில்தான் சொல்வார். பழைய செங்கல் சுவர் மூச்சு விட முடியாமல் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு உதிரும். சுண்ணாம்புப் பூச்சே போதும். இருந்ததை இருந்தபடி மாற்றும் பழுதுபார்ப்புச் செலவை வாடகை வருமானத்திலிருந்து கழிக்கலாம், ஆனால் அந்த வருஷ வாடகைக்கு மேல் போன பகுதியை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் ஒழுகுகிற இடத்தையும் உத்தரத்தையும் இந்த வருஷம், மீதியை வாடகை ஏறிய பிறகு என்று பிரித்துச் செய்ய முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்து கதவைத் திறந்துவிட்டுப் போன அந்தப் பெண். அண்ணனுக்கு 68. அவருக்குப் பிறகு அந்தக் கடை என்னவாகும் என்று யாராவது பேசியிருக்கிறீர்களா? அவளுக்குக் கடையை எடுத்து நடத்தும் எண்ணம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டுப்பாருங்கள், அண்ணன் இருக்கும்போதே, அவர் முன்னாலேயே. இருந்தால், இரண்டாவது வரியில் ஒரு பங்கை இன்னும் சில வருஷத்துக்கு அவள் பெயரில் எழுதலாம். தையற்கடை அந்தத் தெருவில் இருக்கவேண்டும் என்பது உங்கள் ஆசை என்றால் அதற்கு வழி அவளிடம்தான் இருக்கிறது. அவளுக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்தவேண்டாம், அப்போது நாம் வேறு யோசிப்போம்.

வாடகைப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். தீபாவளித் துணி குவிந்திருக்கும், அண்ணனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பண்டிகை முடிந்து ஒரு வாரம் கழித்து, பசியாறிவிட்டு நிதானமாகப் போங்கள், மதிப்பீட்டாளர் தாளையும் எடுத்துக்கொண்டு. மாடிப் பையன்கள் விஷயம் மட்டும் இந்த வாரமே. போகிற வழியில் ஒரு தார்ப்பாயும் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே செப்டம்பர், அக்டோபரில் மழை எப்படி ஊற்றும் என்று உங்களுக்குத் தெரியும். ஒழுகுகிற இடத்தைக் கட்டச் சொல்லுங்கள், கீழே அவர்களுடைய தையல் மெஷின்கள் இருக்கின்றன.